எழுத்துப் பிறப்பும் திருமுறை ஓதலும்

(சாணார்பட்டியில் அன்பர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சிவமயம்



எல்லாம்வல்ல இறைவன் உயிர்களுக்கு அளித்தருளிய கருவிகளுள் நாவும் ஒன்று. உடம்பின் அளவை நோக்க அது மிகச் சிறிது. அதனால் உயிர் எய்தும் பயனோ பெரிது. மருணீக்கியாராய்த் தோன்றித் தருமசேனராய்ப் புறச்சமயத்து நின்று சூலைநோயால் ஆட்கொள்ளப்பட்ட பெருமானுக்குத் திருவதிகையிற் கிடைத்த திருப்பெயர் நாவுக்கரசு என்பது. உழவாரம் ஏந்திய கையையும், தளர்ந்தும் நில்லாது தலந்தோறும் நடந்த தாளையும் விட்டு நாவையே அப்பெயர் குறித்தது. ஆகலின், நாவின் தொழிலாகிய எழுத்தொலியை ஆராய்தல் இலக்கணப் புலவர்க்கே உரியது என்று சைவ நன்மக்கள் ஒதுக்குதல் ஆகாது. இப்பொருளை இன்று எடுத்துக்கொண்டமைக்கு அடியேன் செய்த பிழையொன்றும் காரணமாம். அதனை உரிய இடத்திற் கூறுவேன்.

எழுத்து என்பது ஒலி

எழுத்து என்றவழித் தாளின்மேல் வரைந்த வடிவையே பலரும் நினைப்பர். ஆசிரியர் தொல்காப்பியனார் முதன்மையாகக் கொண்டது செவிக்குப் புலனாகும் ஒலியையே. வரிவடிவு அவ்வொலிக்கு இட்ட அடையாளம். அடையாளம் காலந்தோறும் மாறும். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளியிடார். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் ஒரே வடிவாக எழுதுவர். காலும் ரகரமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஏகார ஓகாரங்களை வேறுபடுத்தும் குறிகளை வீரமாமுனிவர் (1680–1747) அமைத்தார். 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசின் ஆணையால் ணா, றா, னா, ணை, லை முதலியன வடிவு மாறின. அடியேன் பள்ளியிற் பயின்ற காலத்து எழுதிய லை வேறு. என் பேரப்பிள்ளை எழுதும் லை வேறு. ஆயினும் மலை என்று இருவேமும் வாய்விட்டு உரைக்குங்கால் ஒலியில் வேற்றுமை சிறிதும் இல்லை.

ஓலையில் இத்துணை மயக்கம் இருந்தும் திருமுறைகளின் ஓசை நம் காலம்வரை வந்தது யாங்ஙனம்? கேட்டு ஓதியவர் வாயினின்று கேட்டு ஓதுவார் செவிக்கு வந்தது. நம்பியாண்டார் நம்பிகள் சுவடிகளைக் கண்டு தொகுத்த பின்னும், பண் வகுக்கத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவரை நாடவேண்டியதாயிற்று என்று திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. ஏடு கிடைத்தது போதாது, ஓசை அறிந்த செவியும் வேண்டும் என்பது இதனாற் பெற்றாம். முதலாம் இராசராசன் (ஆட்சி 985–1014) தஞ்சைப் பெருவுடையார் திருக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிப்பார் இருவரையும் நியமித்த செய்தி கல்வெட்டிற் காணப்படுகின்றது. ஏட்டைப் பேழையில் வைத்துக் காத்தலோடு அமையாது, நாவிலும் செவியிலும் வைத்துக் காக்க ஐம்பதின்மரை ஏற்படுத்தினன் அவ்வரசன்.

எழுத்துப் பிறக்கும் முறை

தொல்காப்பியம் எழுத்ததிகாரத்து மூன்றாம் இயல் பிறப்பியல். உந்தியினின்று எழுங்காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்றிடத்து நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் ஐந்தின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாம் என்பது அவ்வியலின் கருத்து. இடமும் கருவியுமாகக் கூடி எட்டு.

இனி, நம்மவர்க்கு இடர்ப்பாடு மிக்க ல, ள, ழ என்னும் மூன்றனையும் நோக்குவாம். லகரமும் ளகரமும் நாவின் விளிம்பு தடித்தலாற் பிறப்பன. மேற்பல்லின் அடியை ஒற்றினால் லகரம், அண்ணத்தை வருடினால் ளகரம். ழகரத்தை ஆசிரியர் இவற்றோடு சேர்த்திலர், ரகரத்தோடு சேர்த்தனர். நாவின் நுனி மேல்நோக்கி அண்ணத்தை வருடப் பிறப்பன ரகர ழகரங்கள் என்றனர். இக்காலத்து ஒலிநூலாரும் லகர ளகரங்களில் காற்று நாவின் மருங்குகளில் வழிந்து செல்லும் என்றும், ழகரத்தில் நாவின் நடுவே செல்லும் என்றும் கூறுவர். கருவிகள் யாதுமின்றித் தம் வாயையும் செவியையுமே கொண்டு ஆராய்ந்த நம் முன்னோர், விளிம்பு வேறு நுனி வேறு என்று கண்டமை வியக்கத்தக்கது. ழகரம் தமிழுக்கு மட்டுமே உரியது என்று மேடைகளில் முழங்குதல் வழக்காயிற்று. மலையாளத்திலும் அஃது உண்டு. பிறர்க்கும் உள்ளதனை நமக்கே உரியதென்று பெருமை பேசுதலினும், நம்மிடம் உள்ளதனை வாயாற் செவ்வனே சொல்லுதல் நன்று.

திருவைந்தெழுத்தினை நோக்குமின். நகரம் நாநுனியாலும், மகரம் இதழ் இரண்டும் இயைதலாலும், சகரம் இடைநாவாலும், வகரம் மேற்பல்லும் கீழிதழும் கூடுதலாலும், யகரம் நா அண்ணத்தை அணுகுதலாலும் பிறக்கும். நகர மகரங்கள் மெல்லினம், சகரம் வல்லினம், வகர யகரங்கள் இடையினம். ஆக மூவினமும் அதன்கண் அமைந்தன. நமச்சிவாய என்புழி இடையில் நிற்கும் சகர ஒற்றினாற் கணக்கு ஆறாகாது. எழுத்தெண்ணுங்கால் ஒற்றை நீக்கி எண்ணுதல் யாப்பு மரபு. நகரம் திரோதத்தையும், மகரம் மலத்தையும், சிகரம் சிவத்தையும், வகரம் அருளையும், யகரம் உயிரையும் குறிக்கும் என்பது சாத்திரம். விரைந்து கூறுவார் சிகரத்தைச் சுகரமாக்கி நமச்சுவாய என்பர். ஐந்தனுள் உருமாறிப்போவது சிவத்தைக் குறிக்கும் எழுத்தே என்பதை அவர் நினைப்பதில்லை.

அகத்தொலியும் புறத்தொலியும்

பிறப்பியலின் இறுதியில் ஆசிரியர் ஒரு வரையறை செய்தனர். உடம்பின் அகத்தே காற்று எழுந்து இசைக்கும் அளவு மறைநூலிற் கூறப்படுவது, அதனை ஈண்டுக் கூறாது, புறத்தே செவிக்குப் புலனாகும் ஒலியின் அளவையே கூறினேம் என்பது அவர் கருத்து. இலக்கணம் நின்றுவிட்ட அவ்வெல்லையிலிருந்து சித்தாந்தம் தொடங்குகின்றது.

நன்னூலார் சமண மரபினராகலின் ஒலிக்கு அணுத்திரளை முதற்காரணமாகக் கொண்டார். சைவசித்தாந்திகள் சுத்தமாயையாகிய விந்துவைக் கொள்வர். அவ்விந்துவின்கண் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என வாக்கு நால்வகைப்படும். வைகரி தன் செவிக்கும் பிறர் செவிக்கும் கேட்பது. மத்திமை வாய்விட்டு எழாது, எழுத்துக்கள் முறைப்பட்டு உள்ளே நிற்பது; சொல்ல நினைத்தும் சொல்லாதிருக்கும்போது அதனை யாவரும் உணரலாம். பைசந்தியில் எழுத்து வேறுபாடு தோன்றாது. மயில் முட்டையினுள் நீரில் தோகையின் பலநிறமும் அடங்கிக் கிடத்தல்போல என்பது அதற்குக் கூறும் உவமை. சூக்குமை இவை எல்லாவற்றுக்கும் மூலமாய் நுண்ணிதாய் நிற்பது.

இந்நான்கும் சடமே, மாயையின் காரியமே. வாக்கினை இறந்து நிற்பவன் இறைவன். அஃதேல் வாக்கினை இத்துணை ஓம்புதல் எற்றுக்கெனின், கூறுதும். இருளில் இருப்பானுக்குச் சிறு விளக்கு எவ்வாறோ அவ்வாறே ஆணவ இருளிற் கிடக்கும் உயிர்க்கு மாயையின் காரியங்கள். பொழுது புலர்ந்தபின் விளக்கு வேண்டா. புலராமுன் அதனை அவித்தல் அறிவுடைமை ஆகாது. மேலும், ஒரு பொருளைப் பெயர், சாதி, குணம், கருமம், பொருள் என்னும் ஐந்துடன் கூட்டித் துணிந்துணர்தல் சவிகற்பக் காட்சி எனப்படும். அவ்வைந்தனுள் பெயர் முன்வைத்து எண்ணப்படுதல் காண்க. பெயரோ ஒலியாலாயது. ஒலி கலங்கின் பெயர் கலங்கும். பெயர் கலங்கின் துணிவும் கலங்கும்.

செவியும் கல்வியும்

பேசுதற்கு முன் குழவி கேட்கின்றது. அதன் செவி பற்றி 1984ஆம் ஆண்டில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்னும் இருவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் குடிகளிற் பிறந்த குழவிகள், பிறந்த ஆறேழு திங்களில், தம் வீட்டில் வழங்காத இந்தி மொழியின் தகர டகர வேற்றுமையைப் பகுத்துணர்ந்தன. ஓராண்டு நிறையும் அளவில் அவ்வுணர்ச்சி பெரிதும் குறைந்துவிட்டது. பயிலாத வேற்றுமையைச் செவி கைவிடுகின்றது என்பது கருத்து. எனினும் கைவிட்டது முற்றும் அழிந்ததன்று. பின்னர்ப் பயிற்சியால் மீட்டற்குரியதே.

இதனை நம்மூரில் வைத்துக் காண்பாம். நமக்குத் தெற்கே சிறுமலை. அம்மலையின் வாழைப்பழம் நாடறிந்தது. புவிசார் குறியீடும் பெற்றது. வாழைப்பழம் என்னும் சொல்லில் ழகரம் இரண்டு. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் இச்சாலையில் அதனைக் கூவி விற்பார் வாயிலோ பெரும்பாலும் ஒன்றும் இல்லை, இரண்டும் ளகரமே. அவர்மேற் குற்றம் யாதும் இன்று. தாய்வாயிற் கேட்டதனையே சேய்வாய் சொல்லும். ஆனால் அவ்வீட்டுப் பிள்ளை பள்ளியிற் பளம் என்று எழுதி அடிபடுகின்றான். அவன் கை பிழைத்திலது. செவிக்கு இரண்டென்று தெரியாத ஒன்றைக் கை இரண்டாக எழுதுமாறு எங்ஙனம்? அவனைப் பத்துமுறை எழுதச் சொல்லுதலினும் பத்துமுறை கேட்கச் செய்தல் பயன்தரும். பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் ஆசான் சொல்ல மாணாக்கர் ஒருங்கு கூவியது வெற்றாரவாரம் என்று பிற்காலத்தார் நகையாடினர். அக்கூவலிற் செவிப்பயிற்சி ஒன்று இருந்தது.

அடியேன் செய்த பிழை

இனி, முன்னர்க் குறித்த பிழையைக் கூறுவேன். சில ஆண்டுகளுக்கு முன் இவ்வூரில் அன்பர் சிலர் கூடித் திருவாசக முற்றோதல் தொடங்கினோம். வயலிலிருந்து வருவாரும், பூக்கட்டுவாரும், பள்ளிப்பிள்ளைகளுமாக நாற்பதின்மர் இருந்தனர். ழகரம் செவ்வனே உரைப்பார் அவருள் மிகச் சிலர். ஒருநாள் அடியேன் ஐந்தொழிலை விளக்கி, அளித்தல் என்பது காத்தல், அழித்தல் என்பது ஒடுக்குதல். ஓரெழுத்து மாறின் இறைவன் திருத்தொழில் ஒன்று மற்றொன்றாய் விடும் என்று கூறினேன். அதுவரை கூறியது நன்று. அவ்வளவில் நில்லாது, ழகரம் வாராதவர்கள் அது வரும்வரை பாடாது கேட்டுக்கொண்டிருத்தலே முறை என்றும் விதித்தேன். இளமைதொட்டு இலக்கணம் ஓதிய செருக்கு அவ்வாறு பேசுவித்தது.

அடுத்த கூட்டத்தில் ஏழு குரல்களே எழுந்தன. ஏனையோர் நூலை மடியில் வைத்து வாய்மூடி இருந்தனர். ஓசை தூய்மையாய் இருந்தது. ஆயினும் அன்றைய ஓதலில் உயிர் இல்லை என்பதை அடியேனே உணர்ந்தேன். மூன்றாம் கூட்டத்திற்குப் பாதிப்பேர் வந்திலர். அன்று கூட்டம் கலைந்தபின், பூக்கட்டும் மூதாட்டியார் ஒருவர், பேத்தியைக் கையிற் பிடித்தவராய் அருகே வந்து கேட்டார்: "ஐயா, அளிக்கிறவரும் அவருதான், அளிக்கிறவரும் அவருதான்னு நீங்கதானே சொன்னீக? நான் ஒண்ணை நினைச்சு இன்னொண்ணைச் சொல்லிட்டா, என்ன நினைச்சேன்னு அவருக்குத் தெரியாதா?"

அவர் வாயில் இரண்டு சொல்லும் ஒன்றாகவே வந்தன. எது எதுவென அடியேனுக்கு உடனே விளங்கிற்று. விளங்கியபின் விடை கூற நா எழவில்லை. ஓரெழுத்து மாறின் பொருள் அழியும் என்று சொன்ன எனக்கே, எழுத்து மாறியும் பொருள் விளங்கியதன்றோ! மனிதனாகிய எனக்கு விளங்கியது, உயிர்க்குயிராய் உள்நின்று அறியும் இறைவனுக்கு விளங்காது என்று விதித்தல் யான் அவனுக்குச் செய்த இழிவு. அன்றிரவு உறக்கம் வந்திலது. தொண்டர் வரலாறுகளே நினைவில் எழுந்தன.

வாயிலார் நாயனார் மயிலையில் வாய்திறவாது மனக்கோயிலில் வழிபட்டவர்; அவர் வழிபாட்டில் வைகரியே இல்லை. ஆனாய நாயனார் கொன்றையின் அருகே நின்று திருவைந்தெழுத்தைக் குழலில் வாசித்தவர். குழலுக்குப் பல் இல்லை, இதழ் இல்லை, அண்ணம் இல்லை; நகரத்தையும் மகரத்தையும் அது பிறப்பியல் முறையால் எவ்வாறு ஒலிக்கும்? ஒலித்திலதாயினும் ஆனினம் மேய்தல் மறந்து நின்றன, இறைவனும் எழுந்தருளினன். ஊமைக்கும் குழலுக்கும் உள்ள உரிமை, ளகரம் உரைக்கும் முதியவளுக்கு இல்லை என்று அடைத்தது எந்நூல்? எந்நூலும் அடைத்திலது, அடியேனே அடைத்தேன்.

தடையும் விடையும்

அற்றன்று, மறையோதுவார் ஒலிப்பிழையைப் பெருங்குற்றமாகக் கொண்டனரன்றோ? வேதாங்கம் ஆறனுள் எழுத்தொலி கூறும் சிட்சை முன்வைத்து எண்ணப்படுகின்றது. துவட்டா என்பான் இந்திரனைக் கொல்வானாக வேட்ட வேள்வியில் ஓரசையின் எடுத்தல் படுத்தல் மாற, அவன் பெற்ற விருத்திரன் இந்திரனாற் கொல்லப்பட்டான் என்னும் வரலாறும் உண்டன்றோ எனின், உண்டு. அவ்வரலாற்றை ஊன்றி நோக்குக. பகைமேற்கொண்டு ஒரு பயனைக் குறித்துச் செய்த வேள்வி அது. பயன் குறித்த வினையில் கருவி பிழைப்பின் பயனும் பிழைக்கும். அன்பினால் ஓதுவார்க்கு இறைவனே பயனாகலின், அங்குப் பிழைத்தற்குரியது வேறொன்றில்லை. ஆகமவிதி அறியாத கண்ணப்பர் ஆறே நாளில் எய்தியதனைச் சேக்கிழார் பெருமான் விரித்தருளியதும் இது பற்றியே.

அங்ஙனமாயின் ஒலியை யாவரும் தத்தமக்கு வந்தவாறு கூறுக, திருத்துதல் வேண்டா என்பார்க்கு உரைக்கும் விடை வேறு. இறைவனுக்கு நம் ஒலி வேண்டா. ஆயினும் கேட்பார்க்கு வேண்டும், கற்பார்க்கு வேண்டும், இனிப் பிறக்கும் பிள்ளைகட்கு வேண்டும். இறைவன் சொல்லாததையும் அறிவான். எட்டு வயதுப் பிள்ளை தன் செவியிற் பட்டதனையே அறியும். கழல் என்னும் சொல்லை ஆசிரியன் களல் என்று உரைப்பின், அப்பிள்ளைக்குத் திருவடியைக் குறிக்கும் சொல் ஒன்று இல்லாதொழிகின்றது. தாழ் என்பதும் தாள் என்பதும் ஒன்றாயின், தாழ்ந்து தாளைப் பற்றுதல் என்னும் தொடரின் நயம் அதற்கு எட்டாது. வாழி என்னும் வாழ்த்து வாளியாய்விடும். ஒரு தலைமுறை செவிகொடாது விட்டதனை அடுத்த தலைமுறை நாக்கொண்டு தேட இயலாது. ஓதுவாமூர்த்திகள் வழிவழி காத்த ஓசை நம் காலத்தில் மழுங்கின், அப்பழி நம்மைச் சாரும்.

ஆகவே கொள்ளத்தக்கது இது: பிழையற ஒலித்தல் கற்பிப்பானுக்குக் கடன், அன்பினால் ஓத வருவானை வாயிலில் நிறுத்தி அதனைச் சுங்கமாகக் கேட்டல் தகாது. மடங்களிலும் பாடசாலைகளிலும் ஆசிரியராய் அமர்வார் ஒலியில் சிறு நெகிழ்ச்சியும் காட்டற்க. கூட்டத்தில் உடன் ஓதுவாரை எவரும் நாணச் செய்யற்க.

கற்பிக்கும் முறை

அடுத்த கூட்டத்தில் அடியேன் அவ்விதியை அனைவர் முன்னும் திரும்பப் பெற்றுப் பிழைபொறுக்குமாறு வேண்டினேன். அன்றுமுதல் ஓதலுக்கு முன் சிறிது நேரம் செவிப்பயிற்சி. அதனைச் சுருங்கக் கூறுவேன். ஏனை ஊரார்க்கும் பயன்படலாம்.

முதற்கண் நாவை ஏவுதல் வேண்டா. ஆசிரியன் மலை, மழை என்று மாறிமாறிச் சொல்லப் பிள்ளைகள் குன்றம் எனின் கையுயர்த்தியும் மாரி எனின் கைதாழ்த்தியும் காட்டுக. இதில் தேறியபின் அலகு, அழகு, அளகு. விழி, விளி என நெருங்கிய சொற்களுக்குச் செல்க. செவி தேறுமுன் நாவைத் திருத்துதல் வீண். செவி தேறியபின், ஆகாரத்தை நீட்டி ஒலித்துக்கொண்டே நாநுனியை மெல்ல மேல்நோக்கி உள்வளைக்கச் செய்க. அண்ணத்தை அணுகுக, அழுந்தத் தொடற்க. தொட்டு அழுத்தினால் ளகரமாய்விடும். முன்பல் விழுந்த பிள்ளையை நகர தகரத்துக்காகக் கடியற்க. பல் முளைத்தால் எழுத்தும் முளைக்கும். கைப்பேசியில் ஓதுவார் இசையைக் கேட்பித்தல் நன்றே. ஆயினும் அது பிள்ளை செய்யும் பிழையைக் கேளாது. கேட்டுத் திருத்த எதிரே ஒரு செவி இருத்தல் வேண்டும்.

இம்முறையால் பிள்ளைகளிற் பலர்க்கு ழகரம் வந்தது. அம்மூதாட்டியாரின் பேத்திக்கும் வந்தது. அவருக்கு வந்திலது, இனி வரும் என்று அடியேன் எதிர்பார்க்கவும் இல்லை. இன்று முன்வரிசையில் இருவரும் அருகருகே அமர்ந்து ஓதுகின்றனர். பாட்டி அளிப்பவனே என்று இருமுறையும் சொல்ல, பேத்தி ஒருமுறை அளிப்பவனே என்றும் ஒருமுறை அழிப்பவனே என்றும் சொல்கின்றாள். பாட்டியின் அன்பு பேத்திக்கும், பேத்தியின் எழுத்து அவள் பெறும் பிள்ளைக்கும் செல்லுமாறு திருவருள் கூட்டுவதாக. இரண்டும் செல்லவேண்டும் என்பதே அடியேன் விண்ணப்பம்.

திருச்சிற்றம்பலம்.